"இதுக்குமா சார் அடிக்குறிப்பு?": ஆய்வேடு எழுதுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ், வரலாறு, நாட்டார் வழக்காற்றியல் ஆய்வேடுகளுக்கு மெய்ப்புப் பார்ப்பது என் தொழில். சமர்ப்பிக்க இன்னும் பத்து நாள்தான் என்ற நிலையில்தான் பெரும்பாலும் தாள்கட்டு என் மேசைக்கு வரும். எழுத்துப்பிழை திருத்த இரண்டு நாள் போதும். "இது யார் சொன்னது? எந்தப் பக்கம்?" என்று ஓரத்தில் பென்சிலால் எழுதியே மிச்ச நாளெல்லாம் கரையும். அதைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் கேட்கும் கேள்விகளும் வருடா வருடம் ஒன்றேதான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே போட்டிருக்கிறேன்.

மேற்கோள், அடிக்குறிப்பு, துணைநூற்பட்டியல், மூணும் ஒண்ணுதானே?

இல்லை. மேற்கோள் என்பது பிறர் சொல்லை எடுத்து உங்கள் பக்கத்தில் வைப்பது. அது எங்கிருந்து வந்தது என்று அந்த இடத்திலேயே சொல்வது அடிக்குறிப்பு. சில துறைகளில் அதை இயலின் முடிவில் சான்றெண் விளக்கமாகத் தொகுப்பார்கள். சில துறைகளில் வரிக்குள்ளேயே அடைப்புக்குறியில் பெயர், ஆண்டு, பக்கம் போடுவார்கள். உங்கள் துறை எதைக் கேட்கிறதோ அதைச் செய்யுங்கள். எது சிறந்தது என்ற சண்டையில் எனக்கு ஆர்வம் இல்லை.

துணைநூற்பட்டியல் நீங்கள் பயன்படுத்திய நூல்களின் முழு விவரம். உள்ளே ஓர் அடிக்குறிப்பும் இல்லாமல் கடைசியில் 200 நூல்களை அடுக்கிய ஆய்வேடுகளைப் பார்த்திருக்கிறேன். எந்த வரிக்கு எந்த நூல் என்று தெரியாதபோது அந்தப் பட்டியலால் யாருக்கும் பயனில்லை.

நான் திருடலைன்னு எனக்குத் தெரியும். அப்புறம் எதுக்கு இத்தனை சான்று?

திருட்டு, தண்டனை என்றே எல்லோரும் பேசுவதால் வந்த குழப்பம் இது. சான்று காட்டுவதன் முதல் காரணம், படிப்பவர் நீங்கள் நின்ற இடத்துக்கு வந்து நீங்கள் பார்த்ததைப் பார்க்க முடியவேண்டும் என்பது. பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம், நீங்கள் தவறவிட்ட அடுத்த வரியைக் கண்டுபிடிக்கலாம்.

தமிழில் இதற்குப் பெரிய பாடமே இருக்கிறது. ஐம்பெருங்காப்பியங்களில் வளையாபதியும் குண்டலகேசியும் முழுதாக நம்மிடம் இல்லை. இருப்பவை புறத்திரட்டு போன்ற தொகுப்புகளும் உரையாசிரியர்களும் எடுத்து வைத்த செய்யுள்கள்தாம். தகடூர் யாத்திரையின் கதையும் அதுதான். இன்ன நூற்பாட்டு என்று பெயர் சொல்லி எடுத்ததால் அவை பிழைத்தன. பெயர் சொல்லாமல் எடுத்தவையும் ஏராளம். சில பழைய பதிப்புகளின் பின்னால் "விளங்கா மேற்கோள்" என்று ஒரு பட்டியல் இருக்கும்: உரையில் பாட்டு இருக்கிறது, எந்த நூலென்று பதிப்பாசிரியருக்கே தெரியவில்லை. அந்தப் பட்டியலை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். நான் ஓரத்தில் பென்சிலால் எழுதும் கேள்வி அதே கேள்விதான்.

எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயத்துக்குமா?

வேண்டாம். திருக்குறளில் 1330 குறள், சென்னை மாநிலம் 1969 ஜனவரி 14 அன்று தமிழ்நாடு ஆனது, இவற்றுக்கெல்லாம் அடிக்குறிப்புப் போட்டால் பக்கம்தான் கனக்கும். துறையில் இருக்கும் எவரும் கேள்வி கேட்காமல் தலையசைக்கும் செய்தி என்றால் விட்டுவிடலாம்.

ஆனால் "எல்லாருக்கும் தெரிந்தது" என்று நாம் நினைப்பதில் பாதி, பலமுறை கேட்டுப் பழகியது மட்டுமே. வள்ளுவர் பிறந்தது கி.மு. 31 என்று தமிழக அரசு பின்பற்றுகிறது. அவர் காலம் அதற்குப் பல நூற்றாண்டு பிந்தியது என்றவர் அறிஞர் வையாபுரிப்பிள்ளை. ஆகவே வள்ளுவரின் காலம் பொது அறிவு அல்ல, ஒரு தரப்பு. யார் தரப்பு என்று சொல்லியாக வேண்டும். தேதி, எண்ணிக்கை, "முதன்முதலில்" என்ற சொல், இந்த மூன்றும் வரும் வாக்கியத்தில் கொஞ்சம் நிதானியுங்கள். குறிப்பாக "முதன்முதலில்". அந்தச் சொல்லைச் சான்றில்லாமல் எழுதியவர்கள் வாய்மொழித் தேர்வில் வியர்த்ததைப் பார்த்திருக்கிறேன்.

நான் சொந்த வார்த்தையில மாத்தி எழுதிட்டேன். இப்பவும் போடணுமா?

போடணும். மாறியது சொல், சிந்தனை அவருடையது. மேற்கோள் குறி வேண்டாம், அடிக்குறிப்பு வேண்டும்.

மாற்றியதிலும் ஒரு சிக்கல் உண்டு. மூலத்தில் "நிலவுடைமை மாற்றமே கோயில் நிர்வாகத்தின் மாற்றத்துக்கு அடிப்படைக் காரணம்" என்றிருக்கிறது என்று வையுங்கள். "நில உரிமையின் மாறுதலே ஆலய மேலாண்மையின் மாறுதலுக்கு மூலகாரணம்" என்று எழுதுவதை மாற்றி எழுதியது என்று சொல்ல முடியாது. அகராதியை வைத்துக்கொண்டு செய்த வேலை அது. இதற்கு அந்த ஆசிரியரின் வாக்கியத்தையே மேற்கோள் குறிக்குள் போடுவது நேர்மை. புத்தகத்தை மூடிவிட்டு, புரிந்ததை ஒரு நண்பரிடம் சொல்வதுபோல் எழுதுங்கள். பிறகு திறந்து சரிபாருங்கள். மூடியபின் எழுத வரவில்லை என்றால் புரியவில்லை என்று பொருள், மறுபடி படியுங்கள்.

சங்கப் பாட்டுக்குப் பாட்டு எண் போட்டாப் போதாதா? பதிப்பும் சொல்லணுமா?

பாட்டும் அடியும் எல்லாப் பதிப்பிலும் ஒன்று என்றால் "குறுந்தொகை 40 : 4" என்பதே பக்க எண்ணைவிட நல்லது. எந்தப் பதிப்பை வைத்திருப்பவரும் "செம்புலப் பெயனீர் போல" என்ற அடியைத் தொட்டுவிடலாம். ஆனால் பட்டியலில் பதிப்பு கட்டாயம் வேண்டும். குறுந்தொகையை 1915இல் சௌரிப்பெருமாள் அரங்கன் பதிப்பித்தார், 1937இல் உ.வே.சாமிநாதையர் பதிப்பித்தார். உங்கள் வாதம் ஒரு பாடபேதத்தின்மேல், அதாவது பதிப்புக்குப் பதிப்பு மாறும் ஒரு சொல்லின்மேல், நிற்கிறது என்றால் எந்தப் பதிப்பில் நிற்கிறீர்கள் என்பதுதான் முழு வாதமே. 1950களில் வந்த மர்ரே ராஜம் பதிப்புகள் சந்தி பிரித்தவை. படிக்க அவ்வளவு சுகம். "பெயனீர்" அங்கே "பெயல் நீர்" ஆகியிருக்கும். பொருள் பார்க்கலாம், ஆனால் அதை வைத்து யாப்பு அலகிடாதீர்கள்.

தொல்காப்பியத்தில் எண்ணே நம்மை ஏமாற்றும். சொல்லதிகாரத்தை இளம்பூரணர் 456 நூற்பாவாகவும் சேனாவரையர் 463 நூற்பாவாகவும் கொண்டு உரை செய்தார்கள். ஒருவர் ஒரே நூற்பா என்று எடுத்ததை இன்னொருவர் இரண்டாக்கியிருப்பார். ஆகவே "தொல். சொல். 250" என்று மட்டும் எழுதினால் பாதி முகவரிதான். "தொல். சொல். சேனா. 250" என்று உரையாசிரியர் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். குறளிலும் மணக்குடவரின் வரிசையும் பரிமேலழகரின் வரிசையும் அதிகாரத்துக்குள் வேறுபடும். இன்று நாம் சொல்லும் குறள் எண் பரிமேலழகர் வழி வந்தது.

கல்வெட்டுக்கு "உத்தரமேரூர்க் கல்வெட்டு"ன்னு சொன்னாலே தெரியுமே?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதலாம் என்று தோன்றியது. குடவோலை முறை பற்றி வரும் ஆய்வேடுகளில் சிலவற்றில் வேட்பாளர் வயது 30க்கு மேல், 60க்குள் என்றிருக்கும். சிலவற்றில் 35க்கு மேல், 70க்குள். இரண்டுக்கும் கீழே "உத்தரமேரூர்க் கல்வெட்டு" என்ற ஒரே சான்று. யாருடையது தவறு?

இரண்டுமே சரி. வைகுந்தப்பெருமாள் கோயில் சுவரில் இருப்பவை இரண்டு கல்வெட்டுகள். இரண்டும் முதலாம் பராந்தகன் காலத்தவை; ஒன்று 12ஆம் ஆட்சியாண்டு (919), மற்றது 14ஆம் ஆட்சியாண்டு (921). முதலாவதில் 30 முதல் 60. இரண்டே ஆண்டில் சபை விதியைத் திருத்தி 35 முதல் 70 ஆக்கியது. கல்வெட்டு ஆண்டறிக்கையில் இவை 1898இன் 1, 2 எண்கள். ஆட்சியாண்டையும் ஆண்டறிக்கை எண்ணையும் எழுதியிருந்தால் முரண்பாடே வந்திருக்காது. அதோடு இரண்டே ஆண்டில் ஏன் விதியை மாற்றினார்கள் என்ற அருமையான கேள்வியும் கையில் கிடைத்திருக்கும். எண் போடாதவர்களுக்கு அந்தக் கேள்வி கண்ணிலேயே படவில்லை.

தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதியில் வந்திருந்தால் தொகுதி எண், கல்வெட்டு எண். நீங்களே நேரில் படி எடுத்திருந்தால் ஊர், கோயில், எந்தச் சுவர், பார்த்த தேதி.

மூல நூல் கிடைக்கல. இன்னொருத்தர் புத்தகத்துல அந்த மேற்கோள் இருக்கு. மூலத்தையே பார்த்த மாதிரி போட்டுக்கலாமா?

கூடாது. "இன்னார் கூற்று, மேற்கோள்: இன்னார் நூல், பக்கம்" என்று எழுதுங்கள். இதில் குறைவு ஒன்றும் இல்லை. கிடைக்காத நூல் கிடைக்காததுதான்.

நானே இதில் மாட்டியிருக்கிறேன். என் எம்.பில். ஆய்வேட்டில் நச்சினார்க்கினியர் உரையிலிருந்து ஒரு வரியை ஒரு திறனாய்வு நூலில் பார்த்து, அதன் அடிக்குறிப்பைப் பக்க எண்ணோடு அப்படியே என்னுடையதாக இறக்கினேன். துணைநூற்பட்டியலிலோ நான் வைத்திருந்த வேறொரு பதிப்பு. வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் பையிலிருந்து அதே பதிப்பை எடுத்து, நான் சொன்ன பக்கத்தைத் திறந்து என் பக்கம் திருப்பினார். அந்தப் பக்கத்தில் பிழைதிருத்தப் பட்டியல் இருந்தது. "இதிலிருந்தா எடுத்தீங்க?" என்று மட்டும் கேட்டார்.

பெரிய அளவிலும் இது நடக்கும். மெக்காலே 1835 பிப்ரவரி 2 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பேசியதாக, "இந்தியாவின் குறுக்கும் நெடுக்கும் பயணித்தேன், ஒரு பிச்சைக்காரனையும் காணவில்லை" என்ற பொருளில் ஒரு மேற்கோள் ஆய்வேடுகளில் வந்துகொண்டே இருக்கிறது. அன்று அவர் இருந்தது இந்தியாவில். அந்தத் தேதியிட்டு அவர் எழுதிய கல்விக் குறிப்பு அச்சில் இருக்கிறது. அதில் இந்த வரிகள் இல்லை. ஒருவரைப் பார்த்து ஒருவர் எடுத்ததில், யாரும் மூலத்தைத் திறக்காமலே அது சான்றாகிவிட்டது.

பேப்பர்ல வந்த செய்தியைச் சான்றாக் காட்டலாமா? விக்கிப்பீடியா?

அந்தச் செய்தித்தாளே உங்கள் ஆய்வுப்பொருள் என்றால் தாராளமாக. "1965 போராட்டத்தை நாளிதழ்கள் எப்படி எழுதின" என்று ஆராய்பவருக்கு நாளிதழ்தான் மூலம். ஆனால் கீழடியின் காலத்துக்கு நாளிதழைக் காட்டாதீர்கள். மாநிலத் தொல்லியல் துறை 2019 செப்டம்பரில் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த ஒரு மாதிரிக்குக் கி.மு. 580 என்று கரிமக் காலக்கணிப்பு வந்ததாக அதில் இருக்கிறது. செய்தியில் அது "கீழடிக்கு வயது 2600" என்றாகியிருக்கும். ஒரு மாதிரியின் காலம், ஒரு மண்ணடுக்கின் காலம், ஓர் ஊரின் காலம் மூன்றும் வேறு. அறிக்கையைத் திறந்தவருக்கே அந்த வேறுபாடு தெரியும்.

விக்கிப்பீடியா போய்ச்சேர நல்ல வழி, தங்க நல்ல இடமல்ல. கட்டுரையின் அடியில் உள்ள சான்றுகளைப் பிடித்து மேலே போங்கள்.

மின்னூலாப் படிச்சேன். பக்க எண்ணே இல்லையே?

படவடிவ மின்னூல் என்றால் அச்சு நூலின் பக்க எண் அதிலேயே இருக்கும், அதைப் போடுங்கள். கோப்பின் எண்ணைப் போடாதீர்கள், முகப்பும் அணிந்துரையும் சேர்ந்து அது பத்துப் பதினைந்து தள்ளி நிற்கும். மதுரைத் திட்டம் போன்ற இணையத் தொகுப்பின் தட்டச்சு வடிவம் என்றால் பாட்டு எண், இயல் எண். எந்த அச்சுப் பதிப்பிலிருந்து தட்டச்சிட்டார்கள் என்பதைத் தேடிப் பார்த்து அதையும் எழுதுங்கள். இணைய முகவரி என்றால் பார்த்த தேதி கட்டாயம். டிஓஐ எண் (இணையக் கட்டுரைக்குத் தரும் நிலையான அடையாள எண்) இருந்தால் அதுவே போதும். தளம் இடம் மாறினாலும் அது மாறாது.

உ.வே.சா.வை "உ"வில் போடுவதா, "சா"வில் போடுவதா?

"சா"வில்: சாமிநாதையர், உ.வே. முன்னெழுத்துகள் குடும்பப் பெயரல்ல. உ என்பது உத்தமதானபுரம், வே என்பது அவருடைய தந்தை வேங்கடசுப்பையர். மேற்கத்திய முறைக்காகச் செய்த மென்பொருள்கள் நம் பெயர்களைத் தலைகீழாக்கி வைக்கும், கையால் திருத்துங்கள். புனைபெயரில் எழுதியவரை நூலில் உள்ள பெயரிலேயே போடுங்கள். புதுமைப்பித்தன் நூலை விருத்தாசலம் என்று தேடுபவர் குறைவு.

ஊர்ல ஒரு பாட்டி தாலாட்டுப் பாடினாங்க. அவங்களுக்கெல்லாம் சான்றா?

அவர்தான் சான்று. தகவலாளர் பெயர், வயது, ஊர், பதிவு செய்த தேதி, யார் பதிவு செய்தார்கள். நூலாசிரியருக்குக் கொடுக்கும் மரியாதைக்கு ஒரு மாத்திரை குறையக்கூடாது. "தகவலாளர் 7" என்று எண் மட்டும் போட்டுவிட்டு, அந்த அம்மா பாடிய நாற்பது வரியைத் தன் பெயரில் அச்சிட்ட தொகுப்பைப் பார்த்து எனக்குக் கோபம் வந்ததுண்டு.

ஒரே ஒரு விலக்கு: அவரே பெயர் வேண்டாம் என்றால், அல்லது சொன்ன செய்தியால் அவருக்கு ஊரில் தொல்லை வரும் என்றால் பெயரை மறையுங்கள். மறைத்திருப்பதை எழுதுங்கள். அனுமதியைப் பதிவின் தொடக்கத்திலேயே அவர் குரலில் வாங்கிவிடுவது நல்லது.

சிமிலாரிட்டி 9 சதவீதம்தான் வந்திருக்கு. தப்பிச்சேன்ல?

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிப்படி, ஆய்வேட்டைப் பிற எழுத்துகளோடு ஒப்பிடும் மென்பொருள் காட்டும் ஒற்றுமை 10 சதவீதம் வரை என்றால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தரவேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய பிரதியையே தர முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவு ரத்து. முறையாகச் சான்று காட்டிய மேற்கோள், துணைநூற்பட்டியல், முன்னுரை, நன்றியுரை, பொதுச்சொற்கள், தொடர்ந்து 14 சொல் வரையான தற்செயல் ஒற்றுமை ஆகியவை கணக்கில் வராது.

ஆனால் அந்த மென்பொருள் பார்ப்பது சொல் ஒற்றுமையை. 1950இல் வந்து எங்கும் மின்னாக்கம் ஆகாத நூலிலிருந்து ஓர் இயலையே எடுத்தாலும் அது பூஜ்யம் காட்டக்கூடும். ஆங்கில நூலைத் தமிழில் பெயர்த்துத் தன்னுடையதென்று வைத்தாலும் அப்படியே. தேர்வாளர் அந்த நூலைப் படித்திருந்தால் உங்கள் 9 சதவீதச் சான்றிதழ் என்ன செய்யும்? சதவீதம் பின்னாளிலும் காப்பாற்றாது: ஜெர்மனியின் பாதுகாப்பு அமைச்சர் குட்டன்பெர்க் 2011இல் முனைவர் பட்டத்தை இழந்து பதவியையும் விட்டார். பட்டம் வாங்கிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. மாட்டிவிட்டது ஆய்வேட்டைப் படித்துப் பார்த்த வாசகர்கள்.

என் கட்டுரையிலிருந்து நானே எடுத்தா அதுவுமா திருட்டு?

எடுக்கலாம், மறைக்கக்கூடாது. முன்பு அச்சான உங்கள் கட்டுரை ஆய்வேட்டின் ஓர் இயலாகிறது என்றால் இயலின் முதல் அடிக்குறிப்பிலேயே இதழ், மாதம், ஆண்டு சொல்லிவிடுங்கள். ஒரே சரக்கைப் புதிது புதிதாகக் காட்டிப் பதவி உயர்வுக்குக் கணக்குக் காட்டுவதைத்தான் யுஜிசி 2020இல் தனியாக அறிவிப்புப் போட்டுக் கண்டித்தது.

சாட்ஜிபிடி பத்து ரெஃபரன்ஸ் குடுத்துச்சு. அழகா இருக்கு, போட்டுக்கவா?

பத்தையும் கையில் எடுத்துப் பார்த்தீர்களா? இல்லாத நூலுக்கு இருக்கும் ஆசிரியரையும், இருக்கும் இதழுக்கு இல்லாத கட்டுரையையும் அது பொருத்திக் கொடுக்கும். 2023இல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள் அது சொன்ன, எங்குமே நடக்காத வழக்குகளை நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டி 5000 டாலர் அபராதம் வாங்கினார்கள். மூலத்தைப் பார்க்காமல் இறக்கும் பழைய நோய்தான் இது. மெக்காலே விஷயத்தில் ஒரு பொய்யாவது கைமாறி வந்தது, இங்கே நம் மேசையிலேயே புதிதாகப் பிறக்கிறது. மொழிநடை திருத்தப் பயன்படுத்தினீர்கள் என்றால் உங்கள் பல்கலைக்கழக விதியைப் பார்த்து, முன்னுரையில் ஒரு வரி சொல்லிவிடுங்கள்.

நெறியாளர் பேச்சுவாக்குல சொன்ன யோசனை. அதுக்கு எப்படி?

பொதுவான வழிகாட்டலுக்கு நன்றியுரை. ஆனால் ஓர் இயலின் மையக் கருத்தே அவர் சொன்னது என்றால் அந்த இடத்தில் "உரையாடல், நாள்" என்று அடிக்குறிப்பு. உடன் ஆய்வு செய்யும் தோழி தேநீர்க் கடையில் சொன்னதற்கும் இதே விதிதான். நெறியாளருக்கு மறக்காமல் போடுபவர்கள் தோழிக்கு மறந்துவிடுகிறார்கள்.

நான் மறுக்கப்போற ஆளுக்குமா சான்று? அவருக்கு எதுக்கு விளம்பரம்?

அவருக்குத்தான் மிகக் கவனமாக வேண்டும். நம் உரையாசிரியர்கள் மாற்றுக் கருத்தை விடாமல் எடுத்துச் சொன்னார்கள். "இவ்வாறு உரைப்பாரும் உளர்" என்று சொல்லிவிட்டு மறுப்பார்கள். பரிமேலழகர் இதில் கைதேர்ந்தவர். ஆனால் பெரும்பாலும் பெயர் சொல்லமாட்டார். விளைவு, அந்த "உளர்" மணக்குடவரா வேறொருவரா என்று இன்று ஒவ்வோர் இடமாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. உரை கிடைக்காமல் போனவர் என்றால் ஒப்பிடவும் வழியில்லை. "சில ஆய்வாளர்கள் கூறுவர்" என்று நீங்கள் எழுதும்போது அதே விளங்கா மேற்கோளைத்தான் புதிதாக உண்டாக்குகிறீர்கள். யார் அந்தச் சிலர்? பெயர், நூல், பக்கம். அவருடைய வாதத்தின் வலுவான வடிவத்தையே எடுங்கள். பாதி வாக்கியத்தை வெட்டி எடுத்து மறுத்தால், பக்க எண் இருப்பதால் படிப்பவர் போய் மீதிப் பாதியைப் பார்த்துவிடுவார்.

ஆய்வேட்டைக் குடுத்துட்டேன். ஒரு அடிக்குறிப்பு தப்புன்னு இப்பதான் தெரியுது. வாயை மூடிக்கிட்டு இருக்கலாமா?

நெறியாளரிடம் அன்றே சொல்லுங்கள். வாய்மொழித் தேர்வுக்கு முன் என்றால் ஒரு பிழைதிருத்தத் தாளை எழுதி எடுத்துப் போங்கள், அவர்கள் கேட்கும் முன் நீங்களே கொடுங்கள். பட்டம் வாங்கியாயிற்று என்றால், ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் அது ஏறிவிட்டிருக்கும். உங்கள் தவறான பக்க எண்ணை இன்னொருவர் நம்பி எடுக்கலாம். நூலாக்கும்போது திருத்துங்கள், திருத்தியதை முன்னுரையில் சொல்லுங்கள்.

என் எம்.பில். பிரதியில் அந்த நச்சினார்க்கினியர் அடிக்குறிப்பை மறுநாளே நூலகத்துக்குப் போய்ச் சரியான பதிப்பைத் தேடித் திருத்தினேன். உரை வரி நான் சொன்ன இடத்தில் இல்லை, 41 பக்கம் தள்ளி இருந்தது. அந்தத் திறனாய்வாளரும் ஒரு சொல்லை விட்டுவிட்டுத்தான் எடுத்திருந்தார்.